வெள்ளவத்தை மணலில் தொலைந்ததைத் தேட: மெட்டல் டிடெக்டர் பழகுவோருக்கு

மெட்டல் டிடெக்டர் என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, வன்னியில் முகக்கவசத்தோடு மண்டியிட்டு, நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் போகும் கண்ணிவெடி அகற்றுநர். மற்றது, பத்திரிகையில் அடிக்கடி வரும் அந்தச் செய்தி: புதையல் தோண்டப் போனவர்கள் ஸ்கேனரோடு கைது. நான் இந்தக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக் கடற்கரைக்கு இறங்கிய முதல் நாள், தேங்காய் ரொட்டி விற்கிற ஐயா கேட்டதும் அதைத்தான். "தம்பி, புதையலோ?"

இல்லை. நான் தேடுவது நேற்றுத் தொலைந்ததை. மோதிரம், சாவி, பிள்ளையின் பஞ்சாயுதம், சில்லறைக் குற்றி. கொழும்பில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க நினைப்பவர் இந்த ஒரு கோட்டை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும்: தொலைந்தது நமக்கு, புதைந்தது நமக்கில்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

முதலில் கடதாசி வேலை

இணையத்தில் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்கித் தோண்டுவார்கள், பழைய வெள்ளிக் காசு வரும், கை தட்டுவார்கள். அதைப் பார்த்து இங்கே செய்ய முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொல்பொருள் தேடி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் சொந்த வளவு என்றாலும் வேண்டும். காணி உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் அதற்குள் கிடக்கும் தொல்பொருள் உங்களுடையதாகிவிடாது.

ஆகவே கருவி வாங்குவதற்கு முன்னரே சில இடங்களில் கேட்டுவிடுங்கள். கொழும்பு 7இல் இருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: கடற்கரை மேல்மணலில் தொலைந்த பொருள் தேடுவதற்காக இன்ன கருவியைப் பயன்படுத்த விரும்புகிறேன், என்ன நடைமுறை என்று. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் தம்பி "அண்ணா, நான் வரேக்க கொண்டு வாறன்" என்று சொல்வான். சுங்கத்திடமும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும், தேவைப்பட்டால் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் பதில் எடுக்கும்வரை அவனைப் பொறுக்கச் சொல்லுங்கள். கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கம் சொல்வது நல்ல அனுபவமாக இராது.

நீங்கள் தேடப்போகும் கரைக்குரிய பொலிஸ் நிலையத்திலும் போய்ப் பேசுங்கள். கிடைத்த பதில்களின் பிரதியும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். நான் இரவில் போவதே இல்லை. புதையல் தோண்டுபவர்கள் போவது இரவில். அந்த நேரத்தில் கையில் டிடெக்டரோடு நிற்பவரை யாரும் வேறு மாதிரி நினைக்கமாட்டார்கள்.

இன்னொன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இதைக் கொண்டுபோக வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் வெடிபொருள் இன்னும் நிலத்துக்குள் கிடக்கிறது. அங்கே சத்தம் கேட்டுத் தோண்டுகிற வேலை பயிற்சி பெற்றவர்களுடையது. கொழும்பிலும் கூட, துருப்பிடித்த உருளையோ கூம்போ கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். பின்னால் நகர்ந்து, மற்றவர்களையும் விலக்கிவிட்டு 119ஐ அழையுங்கள்.

கருவி வரும்வரை ஒரு காந்தம்

பதில் வர நாளெடுக்கும். அந்த நாட்கள் வீண் அல்ல.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றுங்கள். வீட்டில் உண்டியலோ சில்லறைப் போத்தலோ இருக்குமே, அதை மேசையில் கொட்டி ஒவ்வொரு குற்றியாகக் காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். இப்போது புழங்கும் ஒரு ரூபா, இரண்டு ரூபா, ஐந்து ரூபா டக்கென்று ஒட்டும். அவை உருக்கில் செய்தவை. 2005இலிருந்து வந்தவை மேலே முலாம் பூசிய உருக்கு, 2017ஆம் ஆண்டிட்ட தொடர் துருவேறா உருக்கு. 1982ஆம் ஆண்டின் ஒரு ரூபாக் குற்றி அகப்பட்டால் அதையும் வைத்துப் பாருங்கள். ஒட்டாது, அது செம்பும் நிக்கலும் கலந்தது. 1980களின் தடித்த ஐந்து ரூபாவும் ஒட்டாது, அது நிக்கல் பித்தளை. அம்மம்மா வைத்திருந்த விளிம்பு நெளிந்த இரண்டு சதமோ அலுமினியம், ஊதினால் பறந்துவிடும் போல இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எல்லா வழிகாட்டி நூல்களும் "இரும்பு ஒலியை அணைத்துவிடுங்கள், குப்பை குறையும்" என்று சொல்லும். அவர்கள் ஊர்க் காசுக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே இரும்பை முற்றாக அணைத்தால் நமது இன்றைய சில்லறையில் பெரும்பகுதி காதில் விழாமலே போய்விடும். ஆணியும் ஐந்து ரூபாவும் கருவிக்கு ஒரே சாதி மாதிரித்தான் கேட்கும். நான் முதல் இரண்டு மாதம் இரும்பை அணைத்துவிட்டுத்தான் நடந்தேன், கடற்கரையில் காசே இல்லை என்று நினைத்துக்கொண்டு.

அடுத்தது, கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. அங்கே ஒரு முற்பகல் போய்வாருங்கள். பழைய நாணயங்களைக் கண்ணால் பார்த்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டும், கண்டால் நிறுத்துவதற்காக. யாழ்ப்பாண அரசரின் நந்தி பொறித்த, "சேது" என்று தமிழில் எழுதிய காசு எப்படியிருக்கும், ஒல்லாந்துக் கம்பனியின் செப்புக் காசில் எழுத்துகள் எப்படிப் பின்னிக்கிடக்கும் என்று பாருங்கள். 1656இலிருந்து 1796வரை கொழும்பை ஒல்லாந்தர் வைத்திருந்தார்கள். அவர்களுடைய "டொய்ட்" என்ற சிறு காசுதான் நம் வாயில் "துட்டு" ஆனது. நாம் தினமும் பேசுகிற ஒரு சொல் கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைக் களிம்பேறிக் கிடப்பதைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

எந்தக் கருவி

அடியில் வட்டமாக இருப்பது சுருள். அதற்குள் ஒரு கம்பிச் சுற்று மாறுகிற காந்தப் புலத்தை நிலத்துக்குள் அனுப்பும். உலோகம் அகப்பட்டால் அதற்குள் சிறு மின்சுழல்கள் பிறந்து, தாமும் ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். இன்னொரு சுற்று அதைக் கேட்கிறது. திரும்பி வருவதில் உள்ள தாமதத்தை வைத்து எந்த வகை உலோகம் என்று கருவி ஊகித்து, திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. ஊகம்தான், சத்தியம் அல்ல. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலுக்குள் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியைக் கொண்டுபோனார். கட்டில் மெத்தையின் உலோகச் சுருள்கள் குழப்பிவிட்டன. இன்றைய கருவியையும் சுற்றியுள்ள இரும்பு அப்படியே குழப்பும். கைக்கடிகாரம், காப்பு, கைத்தொலைபேசி, இரும்பு வைத்த சப்பாத்து எதுவும் சுருளுக்கு அருகில் வரக் கூடாது.

கடைகளில் பொதுவாகக் கிடைப்பது ஒற்றை அதிர்வெண்ணில் வேலை செய்பவை. காய்ந்த மணலுக்கும் வளவுக்கும் அது போதும். ஈர மணலில் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் இவை ஓயாமல் கீச்சிடும். கடற்கரைதான் உங்கள் எண்ணம் என்றால், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் தேடும் வகையைப் பாருங்கள். மைன்லாபின் எக்குவினொக்ஸ் அப்படிப்பட்டது. பல்ஸ் வகைக் கருவி உப்பை இன்னும் நன்றாகச் சமாளிக்கும், ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. புதியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். சுருள் நீரில் நனையக்கூடியதா என்று கட்டாயம் கேளுங்கள்.

கூடவே ஒரு காதொலிக்கருவி, இடுப்பில் கட்டும் பை, துளைபோட்ட அள்ளு வாளி. வாளியை வெளிநாட்டிலிருந்து எடுக்கத் தேவையில்லை. வெல்டிங் கடை ஒன்றில் சொல்லித் துருவேறாத் தகட்டில் அடித்துக்கொள்ளலாம். துளை ஐந்து ரூபாக் குற்றியைவிடச் சிறிதாக, சுண்டுவிரல் நுனி அளவில் இருந்தால் மணல் ஓடும், மோதிரம் நிற்கும்.

வளவில் ஒரு வாரம்

கருவி கைக்கு வந்ததும் கடலுக்கு ஓடாதீர்கள். ஒரு பலகையையோ மொட்டை மாடியின் ஒரு மூலையையோ பிடியுங்கள். கொங்கிறீற்றுக்குள் கம்பி இருக்கும், ஆகவே பலகையைக் கதிரைகள் மேல் உயர்த்தி வையுங்கள். அதில் ஒரு மோதிரம், பழைய ஐந்து ரூபா, புதிய ஐந்து ரூபா, சோடா மூடி, பேணியின் இழுவளையம், சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாள், ஓர் ஆணி. ஒவ்வொன்றின் மேலும் சுருளை ஓட்டி எண்ணை எழுதுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது ஒன்றை வைக்கச் சொல்லி ஒலியை மட்டும் கேட்டுச் சொல்லிப் பாருங்கள். என் மகள் இதில் என்னைவிடக் கெட்டி.

இதில் ஒரு விஷயம் உங்களுக்கே தெரியவரும். மெல்லிய பொன் மோதிரமும் வெள்ளித்தாளும் இழுவளையமும் கிட்டத்தட்ட ஒரே எண்களில் விழும். குப்பை என்று தள்ளும் அதே எண்ணில்தான் தங்கமும் இருக்கிறது. ஆகையால் பொன் தேடுபவர் நிறைய வெள்ளித்தாள் பொறுக்கத் தயாராக இருக்க வேண்டும். குறுக்கு வழி இல்லை.

வளவு மண்ணில் தேடினால் வேறொரு தொல்லை. கொழும்பின் நிலத்தடியில் பரவலாகக் கபுக் என்ற செம்பாறைதான். அந்தச் சிவப்பே இரும்பு. வெறும் மண்ணுக்கே கருவி முணுமுணுக்கும். அதற்குத்தான் நிலச் சமன். உலோகம் இல்லாத ஓர் இடத்தில் சுருளை முழங்கால் உயரத்திலிருந்து நிலத்தை ஒட்டும்வரை மெதுவாக ஏற்றி இறக்கி, சத்தம் மாறாத நிலைக்குச் சரிசெய்யுங்கள். கடற்கரையிலும் கறுப்பு மணல் படிந்த கீற்றுகள் இருக்கும், அங்கேயும் இதே வேலை. உணர்திறனை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அடுக்குமாடிகளின் மின்சாரமும் சிக்னலும் சூழ்ந்த வெள்ளவத்தையில் அது இரைச்சலைத்தான் கூட்டும். கருவி அமைதியாகும்வரை குறையுங்கள். நடுத்தரக் கருவி ஒன்று குற்றியை 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் பிடித்தால் அதுவே நன்று.

கரையில்

காலிமுகத்திடலில் வேண்டாம். கோட்டையைச் சுற்றி எங்கேயும் வேண்டாம். பாதுகாப்பும் இருக்கிறது, நிலத்துக்குள் வரலாறும் இருக்கிறது. பூங்காப் புல்லைத் தோண்டுவதும் வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை மணல் போதும்.

வெள்ளவத்தைக் கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். காதொலிக்கருவியைக் கழுத்தில் இறக்கிவிட்டு, நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள். கடலிரைச்சலில் ரயில் கிட்ட வரும்வரை கேட்காது. தண்டவாளத்துக்கு அருகில் தேடிப் பயனும் இல்லை, அந்த இரும்பு கருவியைச் செவிடாக்கிவிடும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் வற்றுநேரம் பார்க்கச் சொல்லும். நமது கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஒரு மீற்றர் கூட இல்லை. இங்கே பார்க்க வேண்டியது அலையை. மே தொடக்கம் செப்ரெம்பர்வரை தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்து மணலை அரித்தெடுக்கும். அந்த அரிப்புக்குப் பின்னான ஓர் அமைதியான காலையில், மணல் படிபோல் வெட்டுப்பட்டு நிற்கும் இடத்தின் அடியில் தேடுங்கள். அலை பாரமானவற்றை அங்கேதான் விட்டுப் போகும். கல்கிசையில் 2020இல் கடலடியிலிருந்து மணல் எடுத்துக் கரையில் போட்டார்கள். கரையின் மேல்மணல் எப்போதும் அதே மணல் அல்ல என்பதை மனதில் வையுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல்வரை கடல் அடங்கியிருக்கும். பழகுவதற்கு அந்த மாதங்கள் நல்லவை. ஞாயிறு மாலை சனம் நிறைந்து, திங்கள் விடியற்காலை வெறுமையாகும். திங்கள் காலை 6 மணி என் நேரம்.

சுருளை நிலத்தோடு சமாந்தரமாக, விரலிடை உயரத்தில் ஓட்டுங்கள். கை ஓங்கும் முனையில் சுருள் மேலே எழும்பிவிடும், எல்லோருக்கும் வரும் பிழை அது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைப் பாதி மூட வேண்டும். ஒலி வந்தால் ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும் ஓட்டி, இரண்டும் வெட்டும் இடத்தைக் காலால் குறியுங்கள். இரு பக்கத்திலிருந்தும் ஒரே எண் நின்றால் நல்ல சகுனம். எண் துள்ளினால் பெரும்பாலும் சோடா மூடி. ஆனாலும் முதல் வருடம் எல்லாவற்றையும் தோண்டுங்கள். காது அப்படித்தான் பழகும்.

தோண்டிய குழியை அந்த இடத்திலேயே, எடுத்த மணலாலேயே மூடுங்கள். "பிறகு மூடலாம்" என்று ஒரு முறை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, ஓடிவந்த ஒரு சிறுவனின் கால் அதற்குள் மடங்கியிருந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மூடிவிட்டு மிதித்துப் பார்த்த பிறகே அடுத்த அடி. எடுத்த குப்பையையும் கரையில் திருப்பிப் போடாதீர்கள். ஒரு காலையில் என் பையில் 40, 50 மூடிகள் வரும். மீனவர் கை கிழிக்கும் தூண்டில் முள்ளும் வரும்.

எடுக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அந்தியேட்டிக்கும் சாம்பல் கரைக்கவும் வருபவர்கள் கடலில் காசும் செப்புச் செம்பும் விடுவார்கள். சில நாளில் அலை அதைத் திருப்பிக் கொண்டுவரும். அது தொலைந்த பொருள் அல்ல, கொடுத்த பொருள். மலர்த் துணுக்கும் செம்பும் ஒரே இடத்தில் கண்டால் நான் மணலை மூடிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒருவர் மோதிரத்தைத் தொலைத்தால்

பக்கத்து மாடி அக்கா ஒரு சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையின் காலைக் கழுவும்போது கலியாண மோதிரத்தை விட்டுவிட்டு வந்தார். இருட்டிவிட்டது. அன்று நான் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், அப்படியே பின்பற்றலாம்.

முதலில் கேள்விகள். எந்தக் கை, கை ஈரமா, தண்ணீர் எதுவரை நின்றது, கடைசியாக மோதிரத்தைப் பார்த்தது எப்போது, அப்போது எடுத்த படம் ஏதும் இருக்கிறதா. அவருடைய கைத்தொலைபேசியில் பிள்ளை நிற்கும் படம் இருந்தது. பின்னால் ஒரு கறுப்புப் பாறையும் ஒரு மாடியின் நீலத் தண்ணீர்த் தாங்கியும். ஞாயிறு விடிய அந்தப் பாறையும் தாங்கியும் அதே கோணத்தில் தெரியும்வரை நடந்து நின்றோம். 20 மீற்றர் தேடல் 5 மீற்றராகச் சுருங்கியது.

அடுத்து, அத்தானின் மோதிரம். இருவருக்கும் ஒரே தட்டார் செய்தது, 22 கரட். அதைக் கழற்றி ஈர மணலில் வைத்து ஓட்டிப் பார்த்து எண்ணை மனதில் வைத்தேன், மறக்காமல் திருப்பியும் கொடுத்தேன். பிறகு நான்கு தடி நட்டு நூல் கட்டி, தண்ணீருக்குச் சமாந்தரமாகக் கோடு கோடாக நடந்தேன். முதல் சுற்றில் இழுவளையம் மூன்று, வெள்ளித்தாள் ஒன்று. அத்தான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். இரண்டாம் சுற்றைக் குறுக்காக, கரையிலிருந்து கடலை நோக்கி எடுத்தேன். பாறைக்கு ஓரடி இப்பால், மெல்லிய, இரு பக்கமும் மாறாத ஒலி. முதல் அள்ளில் ஒன்றுமில்லை, ஒலி குழிக்குள்ளேயே இருந்தது. பொன் பாரம், நனைந்து குழைந்த மணலில் ஓர் இரவுக்குள் இறங்கிவிடும். மூன்றாவது அள்ளை அலையில் ஆட்டினேன். மணல் கரைந்து போகப் போக, வாளித் துளை ஒன்றில் மஞ்சளாக ஒரு வளைவு மட்டும் தெரிந்தது.

அக்கா வாங்கி விரலில் போடவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

கிடைத்ததைக் கையாளும் விதம்

உரியவர் தெரியாத நகை, கைத்தொலைபேசி, பணப்பை எல்லாம் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். உரியவரைத் தேடும் முயற்சி இல்லாமல் வைத்துக்கொள்வது, கண்டெடுத்த பொருளென்றாலும், தண்டனைச் சட்டக்கோவைப்படி கையாடலாகலாம். ஒப்படைக்கும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேங்காய் ரொட்டி ஐயா, கரையில் கிரிக்கெட் விளையாடும் பெடியன்கள், உயிர்காப்பாளர் இவர்களிடமும் சொல்லி வையுங்கள், பொருளின் அடையாளத்தை மட்டும் சொல்லாமல். தேடி வருபவர் அதைச் சொல்லட்டும்.

பழையது என்று சந்தேகம் வந்தால், களிம்பேறிய செப்புக் காசோ அறியாத எழுத்தோ தெரிந்தால், அதற்கு மேல் ஒரு பிடி மண்ணும் எடுக்காதீர்கள். தேய்க்கவும் கழுவவும் கூடாது. கிடந்த இடத்தைப் படமெடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ உடனே அறிவியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுருளையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சுருளின் மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் மணலையும் கொட்டுங்கள், கறுப்பு மணல் அங்கே ஒட்டிக்கொண்டு அடுத்த நாள் பொய் ஒலி கொடுக்கும். நிழலில் காயவிட்டு, பற்றரி கழற்றக்கூடியதென்றால் கழற்றி வையுங்கள். அப்புறம் கொப்பியில் திகதி, இடம், கடல் இருந்த விதம், என்ன எண்ணுக்கு என்ன வந்தது என்று எழுதுங்கள். என் கொப்பியின் முதற்பக்கத்தில் இருப்பது: தெஹிவளை, கடல் அமைதி, எண் 13, வெள்ளித்தாள். அதற்குக் கீழேயும் வெள்ளித்தாள். அதற்குக் கீழேயும்.